டிசைன் வேலை எங்கே தொடங்குகிறது? ஒரு முந்திரிப் பாக்கெட்டை வைத்து ஒரு பதில்

கடலூரில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கும் ஒரு தம்பி கேட்டிருப்பது இதுதான்: சாஃப்ட்வேர் எல்லாம் ஓரளவு கைவந்துவிட்டது, ஆனால் வேலை என்று உட்கார்ந்தால் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஐடியா எங்கிருந்து வருகிறது, அது முடிந்த வேலையாக எப்படி மாறுகிறது, நடுவில் கிளையன்ட் மாற்றச் சொல்லிக்கொண்டே இருந்தால் எப்போதுதான் முடியும்?

சரி, விலாவாரியாகவே சொல்கிறேன். நான் புதுச்சேரியிலிருந்து வேலை பார்க்கிறேன். லேபிள், பாக்கெட், கடைப் பலகை, அழைப்பிதழ் என்று கலந்துகட்டி வரும். நான் பார்த்தவரை, திரை வெறுமையாக இருப்பது பெரும்பாலும் கேட்க வேண்டியதைக் கேட்காமல் உட்கார்ந்ததால்தான். வேலை முடிந்தபின் அது என்ன பொருளாக, யார் கையில், எந்த வெளிச்சத்தில் இருக்கப்போகிறது என்று தெரியாதவரை, எவ்வளவு திறமைசாலிக்கும் ஒன்றும் ஓடாது. கடைசியில் வரப்போகும் பொருளை முதலில் கையில் எடுங்கள், அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். நான் சொல்லப்போவது எல்லாம் இதன் விரிவுதான்.

பொதுவாகப் பேசினால் காற்றோடு போய்விடும், ஒரு வேலையையே எடுத்துக்கொள்வோம். பண்ருட்டிப் பக்கம் காடாம்புலியூர் வட்டாரத்தில் முந்திரி உடைத்து விற்கும் ஒரு குடும்பம். இத்தனை காலம் மொத்த வியாபாரிக்கு டின்னில் போட்டவர்கள், இப்போது சொந்தப் பெயரில் 100 கிராம், 250 கிராம் பாக்கெட் போட்டுப் புதுச்சேரிக் கடைகளில் வைக்க நினைக்கிறார்கள். அந்தக் குடும்பத்துப் பெரியவர் போனில் சொன்னது: "பார்த்ததும் எடுக்கிற மாதிரி இருக்கணும் சார், நல்லா கிராண்டா. நம்ம ஊர் ஃபீலும் வரணும்."

இதை மட்டும் எழுதிக்கொண்டு கம்ப்யூட்டருக்குப் போனால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். தங்க நிறத்தில் பெயர், பின்னால் பச்சைத் தோப்பு, ஓரத்தில் ஒரு பலாப்பழம். பண்ருட்டி என்றால் பலா, வாஸ்தவம்தான், ஆனால் இவர் விற்பது முந்திரி. புதுச்சேரிக் கடைக்கு என்றதும் இன்னொரு கூட்டம் மஞ்சள் சுவருக்கும் காகிதப்பூவுக்கும் போகும், இல்லையென்றால் தமிழும் பிரெஞ்சும் எழுதிய அந்த நீலத் தெருப் பலகைக்கு. அந்தப் பலகையை வைத்து இதுவரை வந்த கஃபே மெனு, சோப்பு உறை, டீ-ஷர்ட் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினால் கடற்கரைச் சாலை போதாது. முதலில் தோன்றும் யோசனை எல்லோருக்கும் தோன்றும் யோசனை. அதைத் திட்ட வேண்டாம், தாளில் வரைந்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மனதிலேயே வைத்துக்கொண்டிருந்தால்தான் அது வழியை அடைக்கும்.

நான் முதலில் கேட்பது சில சாதாரணக் கேள்விகள். எத்தனை பாக்கெட் அடிக்கப்போகிறீர்கள்? எந்த மாதிரிப் பையில்? எந்தக் கடையில், எந்தத் தட்டில் வைப்பார்கள்? பக்கத்தில் எது இருக்கும்? என்ன விலை? கடைசியாக, மிக முக்கியமாக, இதற்கு ஓகே சொல்லப்போவது யார்? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால், எல்லாம் முடிந்து அச்சுக்குப் போகிற நேரத்தில் சென்னையிலிருந்து மச்சான் ஒருவர் வருவார். அவருக்கு ஊதாதான் பிடிக்கும்.

எத்தனை என்ற கேள்விக்கு வரும் பதில் பாதி வேலையை அப்போதே தீர்மானித்துவிடும். பையிலேயே நேராக அச்சடிக்க கிராவ்யூர் முறையில் (செதுக்கிய உலோக உருளையால் அச்சடிப்பது) நிறத்துக்கு ஒரு சிலிண்டர் வெட்ட வேண்டும். அந்தச் செலவு பெரிய ஆர்டர் இருந்தால்தான் கட்டுபடியாகும். புதிதாகத் தொடங்குபவருக்கு அது ஆகாது. வெற்றுப் பை வாங்கி அதன்மேல் லேபிள் ஒட்டுவதுதான் வழி. ஆக நான் வடிவமைக்கப்போவது பாக்கெட்டே இல்லை, ஒரு உள்ளங்கை அளவு ஸ்டிக்கர். இது தெரியாமல் ஒருவர் முன்னும் பின்னும் முழுப் பையையும் வரைந்து, மாக்-அப்பில் (முடிந்த பொருள் எப்படி இருக்கும் என்று காட்டும் போலிப் படம்) பளபளவென்று காட்டி, கிளையன்ட் மயங்கி ஓகே சொன்னபிறகு, அச்சகத்தில் விலை கேட்டு இரண்டு பேருமே முழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கடைக்குப் போக வேண்டும். பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள மளிகை, உலர்பழக் கடைகளில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். முந்திரி கேட்டு வருபவர்கள் பாக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்புகிறார்கள், விரலால் வெளியிலிருந்தே அழுத்திப் பார்க்கிறார்கள், பிறகு கடைக்காரரிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "முழுப்பருப்பா, உடைசலா? சைஸ் எப்படி இருக்கும்?" பிராண்டு பற்றியோ ஊர் பற்றியோ யாரும் கேட்பதில்லை.

இதற்கான பதில் அந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. முந்திரி வியாபாரத்தில் டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று தரம் பிரிப்பார்கள். எண் எதைக் குறிக்கிறது என்றால், ஒரு பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 454 கிராமுக்கு, எத்தனை முழுப்பருப்பு என்பதை. டபிள்யூ 320 என்றால் 300 முதல் 320 வரை. ஒரு பருப்பு ஒன்றரை கிராம் அளவுக்கு வரும். 180 என்றால் ஒன்று இரண்டரை கிராமைத் தாண்டும். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது. வியாபாரிகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. வாங்குகிற அம்மாவுக்கு அந்த எண்ணைக் காட்டினால் ஒன்றும் புரியாது.

ஐடியா அங்கேதான் வந்தது. உள்ளே இருக்கும் பருப்பு எவ்வளவு பெரிதோ, அதே அளவில், மில்லிமீட்டர் பிசகாமல், லேபிளில் ஒரு முந்திரியின் கோட்டுருவம். பக்கத்தில் ஒரு வரி: "உள்ளே இருப்பது இந்த அளவு." வாங்குபவர் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். 320-க்கு ஒரு கோடு, 240-க்குக் கொஞ்சம் பெரிய கோடு. அவ்வளவுதான், வேறு அலங்காரம் இல்லை. இதைக் கேட்டால் எளிதாகத் தோன்றும், ஆனால் கடையில் நின்று அந்தக் கேள்வியைக் காதால் கேட்காமல் மேசையில் உட்கார்ந்து யோசித்திருந்தால் நானும் பலாப்பழத்தையே சுற்றிக்கொண்டிருந்திருப்பேன்.

ஐடியா கிடைத்ததும் பென்சில், தாள். தீப்பெட்டி அளவில் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டு வரையுங்கள். அவ்வளவு சிறிய இடத்தில் நுணுக்கம் எதுவும் நிற்காது, எது பெரிது, எது சிறிது, கண் முதலில் எங்கே போகிறது என்பது மட்டும்தான் நிற்கும். இந்தக் கட்டத்தில் முடிவாக வேண்டியதும் அதுதான். கம்ப்யூட்டரில் தொடங்கினால் எழுத்துரு தேடுவதிலும் நிழல் போடுவதிலும் ஒரு மாலைப்பொழுது போய்விடும், அமைப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

பருப்பின் கோட்டை எப்படி எடுத்தோம் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் யோசனை உண்மையிலேயே வேலையாக மாறிய இடம் அது. ஒரு கைப்பிடி 320 பருப்பை, கண்ணாடியில் எண்ணெய் படாமலிருக்கத் தெளிவான பிளாஸ்டிக் தாள் விரித்து, ஃப்ளாட்பெட் ஸ்கேனரில் பரப்பி, பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தோம். திரையில் ஸ்கேலின் ஒரு சென்டிமீட்டர் ஃபைலின் ஒரு சென்டிமீட்டரோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, நடுத்தரமான ஒரு பருப்பைத் தேர்ந்தெடுத்து வரைந்தோம். பெரியவர் இருப்பதிலேயே பெரியதைக் காட்டினார். வேண்டாம் என்றேன். பாக்கெட்டைப் பிரித்தவர் முதல் பத்துப் பருப்பையும் அந்தக் கோட்டில் வைத்துப் பார்ப்பார். எல்லாம் சிறியதாக இருந்தால் அந்த லேபிள் நமக்கு எதிரான சாட்சி.

ஒரு யோசனை நல்லதா என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நல்ல யோசனை அடுத்தடுத்த முடிவுகளைத் தானே எடுத்துக் கொடுக்கும். உண்மையான அளவு என்று முடிவானதும், மற்றவை அதைச் சுற்றி ஒதுங்கத் தொடங்கின. புகைப்படம் தேவையில்லை. கோடு தெளிவாகத் தெரிய வேண்டும், ஆகவே வெளிர்ந்த பின்னணி. பையில் முந்திரி நிரப்பினால் நடுவில் உப்பி ஓரங்கள் பின்னால் வளைந்துவிடும், ஓரத்தில் வைத்தால் கோடு குறுகித் தெரியும், ஆகவே நடுவில். 250 கிராம் லேபிள் பெரிதானாலும் கோடு பெரிதாகாது. இப்படி எதையும் தீர்மானித்துக் கொடுக்காத யோசனை வெறும் அலங்காரம்.

இனி எழுத்து. பெயரைத் தமிழில் பெரிதாகப் போட வேண்டும் என்று பெரியவரே கேட்டார், எனக்கும் அதுதான் விருப்பம். ஆனால் தமிழ் லேபிளில் ஆங்கில லேபிளின் கணக்கு செல்லாது. நம் சொற்கள் நீளம், மேலே கொக்கியும் கீழே சுழியும் இருப்பதால் வரிக்கு வரி கூடுதல் இடைவெளி வேண்டும், தடித்த எழுத்துருவில் ண, ஞ, ஐ போன்றவற்றின் உள்வெளி சிறிய அளவில் அடைத்துக்கொள்ளும். கேட்டமரான், முக்தா மலர், பலூ தம்பி, நோட்டோ தமிழ் என்று இலவசமாகவே நல்ல யூனிகோடு எழுத்துருக்கள் கிடைக்கின்றன, திறந்த உரிமத்தில் வந்தவை, வணிக வேலைக்கும் தடையில்லை. இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் தமிழ் தட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால் எழுத்துருவைத் திட்டாதீர்கள், தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை, அதாவது எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் அமைப்பை, இயக்கியிருக்க மாட்டீர்கள். பல அச்சகங்களில் இன்னமும் யூனிகோடுக்கு முந்தைய பழைய என்கோடிங் எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. உங்கள் ஃபைல் அங்கே திறந்தால் பெயர் கட்டம் கட்டமாக வரும். அச்சுக்குப் போகும் ஃபைலில் எழுத்தை எல்லாம் கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றிவிடுங்கள், மாற்றாத பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். "பழைய காலத்து லுக்" வேண்டும் என்றால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை வைத்த லை, னை போடலாம், அழகாகத்தான் இருக்கும், ஆனால் பெயரில் மட்டும். விலை, எடை, முகவரியில் அதைக் கொண்டுவந்தால் இன்றைய பிள்ளைகள் திணறுவார்கள்.

விலை என்றதும் ஒரு விஷயம். ரூபாய்க் குறி பழைய எழுத்துருக்களில் இல்லை, அந்த இடத்தில் வெற்றுக் கட்டம்தான் வரும், அச்சாகி வந்தபின்தான் பலர் கவனிப்பார்கள். அந்தக் குறியே உங்கள் கேள்விக்கு ஒரு நல்ல உதாரணம். அதை வடிவமைத்த உதயகுமார் நம் பக்கத்துக் கள்ளக்குறிச்சிக்காரர், தமிழ் எழுத்துருவியலில் ஆய்வு செய்தவர். தேவநாகரி 'ர'-வும் தண்டு நீக்கிய ரோமன் 'ஆர்'-உம் சேர்ந்த அந்த வடிவத்தை மத்திய அரசு 2010 ஜூலையில் ஏற்றது. அப்போது அது தாளில் இருந்த ஒரு படம் மட்டுமே, யாரும் தட்டெழுத முடியாது. அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோடில் இடம் கிடைத்தது, அதன்பின் எழுத்துருக்களில், கீபோர்டுகளில், 2011-இல் நாணயத்தில் என்று ஒவ்வொன்றாக வந்தது. வடிவம் தேர்வானதோடு பத்திரிகைச் செய்தி முடிந்துவிடும், டிசைன் வேலை அதற்குப் பிறகுதான் நீளும்.

பின்பக்க லேபிள் யாருக்கும் பிடிக்காத வேலை, எனக்கு அதுதான் பரீட்சை. பொட்டலப் பொருள்களுக்கான 2011 விதிகள் கேட்கிற தயாரிப்பாளர் பெயர் முகவரி, நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், வரி உட்பட அதிகபட்ச விலை, கிராமுக்கு எவ்வளவு என்கிற அலகு விலை, புகார் எண். கூடவே 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், சைவம் என்பதற்கான பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். இதை எல்லாம் முதலிலேயே எழுதி வாங்குங்கள். கடைசியில் வந்தால் இருக்கிற இடத்தில் திணிப்பீர்கள், திணித்தது தெரியும். பார்கோடையும் நிறத்துக்காகச் சிவப்பாக்காதீர்கள். கடை ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்குச் சிவப்புக் கோடு வெள்ளையாகத்தான் தெரியும். வெள்ளையில் கறுப்பு, வழக்கமான அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போகாமல், இருபுறமும் வெற்றிடம் விட்டு.

தாளைப் பற்றியும் ஒரு சர்ச்சை வந்தது. பெரியவரின் மகள் பழுப்பு கிராஃப்ட் தாளில் லேபிள் கேட்டார், பார்க்க இயற்கையாக இருக்கும் என்று. அச்சு மை ஒளி ஊடுருவக்கூடியது. பழுப்புத் தாளில் ஃபைலில் உள்ள வெள்ளை எல்லாம் பழுப்பாகத்தான் வரும், மஞ்சள் மங்கும், பச்சை சேறாகும். அடியில் தனியாக வெள்ளை மை போட முடிந்த அச்சகம் என்றால் சரி, இல்லையென்றால் கறுப்பு ஒன்றே நிற்கும். நம் வேலை கோட்டுருவம் என்பதால் கறுப்பே போதும், ஆக மகள் சொன்னதே நடந்தது, செலவும் குறைந்தது. பச்சை வட்டம் மட்டும் பழுப்பில் சரிவராது என்பதால் பின்பக்கத்தை வெள்ளைத் தாளில் தனி லேபிளாக்கினோம். அவர் அடுத்து ஆசைப்பட்டது அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதம். புதுச்சேரியில் 1959 முதல் செய்கிறார்கள், கைக்கு அவ்வளவு இதமான தாள். ஆனால் அதன் மேற்பரப்பு மேடுபள்ளமானது, பொடி எழுத்து உடைந்துபோகும். தீபாவளி அன்பளிப்புப் பெட்டிக்கு ஒரு கயிற்று டேக், பெயர் மட்டும் ஸ்கிரீன் பிரிண்டில் என்றால் அருமையாக இருக்கும், அதற்கு வைத்துக்கொள்வோம் என்றேன்.

இனி மாற்றங்கள். முதல் வரைவைக் கிளையன்டுக்கு வாட்ஸப்பில் படமாக அனுப்பாதீர்கள். அவர் அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்து "முந்திரி இன்னும் பெரிசா இருக்கலாமே" என்பார், உண்மை அளவு என்ற சமாசாரமே செத்துவிடும். நான் சாதாரணத் தாளில் பிரிண்ட் எடுத்து, வெட்டி, முந்திரி நிரப்பிய நிஜப் பையில் ஒட்டி எடுத்துப் போனேன். அங்கேயும் ஒரு பொறி உண்டு: பிரிண்டரில் "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வு இருந்தால் அது சத்தமில்லாமல் எல்லாவற்றையும் கொஞ்சம் சுருக்கிவிடும். அதனால் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 50 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு அளவுகோடு போட்டு, ஒவ்வொரு பிரிண்டிலும் ஸ்கேல் வைத்துப் பார்ப்பேன்.

பையைக் கையில் வாங்கியதும் பெரியவர் முதலில் செய்தது, சட்டைப் பையிலிருந்து ஒரு பருப்பை எடுத்துக் கோட்டின்மேல் வைத்ததுதான். பிறகு சொன்னார், "தாத்தா போட்டோ போடணும்." இந்த இடத்தில் பல இளைஞர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்காமல் ஏன் என்று கேளுங்கள். அவருக்கு வேண்டியது நம்பிக்கை: நேற்று முளைத்த கம்பெனி இல்லை, தலைமுறையாகச் செய்கிறோம் என்று தெரிய வேண்டும். நியாயமான ஆசை. கொடுத்த படமோ, மாட்டியிருந்த ஃப்ரேமைக் கண்ணாடியோடு போனில் எடுத்தது, டியூப்லைட் நெற்றியில் விழுந்திருந்தது. ஃப்ரேமைக் கழற்றி ஸ்கேன் செய்து, கோட்டோவியமாக்கி, பின்பக்கத்தில் முகவரிக்கு மேலே வைத்தோம். முன்பக்கம் தப்பித்தது, தாத்தாவும் வந்தார்.

எங்கே நிறுத்துவது என்றால், தொடக்கத்தில் இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். இங்கே அது "சைஸ் எப்படி இருக்கும் என்ற கேள்விக்குப் பாக்கெட்டே பதில் சொல்லணும்." ஒரு மாற்றம் அதற்கு உதவுகிறதா, கெடுக்கிறதா என்று பேசலாம். அந்த வாக்கியம் இல்லாவிட்டால் பேச்சு பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று போகும், அதற்கு முடிவே கிடையாது. கூடவே முன்பணமும், எத்தனை சுற்றுத் திருத்தம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். எழுத்துப்பிழை திருத்துவது நம் கடமை, காசு வாங்கக் கூடாது. புதிதாக ஒரு ஐடியா கேட்டால் அது புது வேலை.

அச்சு பற்றிச் சுருக்கமாக: சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை நிறங்கள்), சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீட்டி விடும் நிறம்), படம் இருந்தால் 300 டிபிஐ, பொடி எழுத்து தனிக் கறுப்பில் மட்டும், ஏனென்றால் நான்கு நிறத்தில் கலந்த கறுப்பு, ரெஜிஸ்ட்ரேஷன் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிழல் அடிக்கும். தேதி, பேட்ச் எண் குத்தும் இடத்தில் லேமினேஷன் வேண்டாம், வழவழப்பில் ஸ்டாம்ப் மை காயாமல் இழுபடும். லேபிளோடு கடலூர்க் கடைக்கு ஒரு பலகையும் செய்கிறீர்கள் என்றால் கணக்கே வேறு: ஃப்ளெக்ஸுக்கு 72 முதல் 100 டிபிஐ போதும், தமிழ்நாட்டில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும், படிப்பவர் பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பார். அந்தப் பலகையில் உண்மை அளவு முந்திரி போட்டால் கொசு மாதிரி இருக்கும், அங்கே பெயர் மட்டும் போதும். மொத்தமாக ஓட்டும் முன் அதே தாளில், அதே மெஷினில் ஒரு ப்ரூஃப் எடுத்து, எண்களை ஒவ்வொன்றாகக் கிளையன்டையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். நாம் படித்தால் இருப்பதாக நினைப்பதைத்தான் படிப்போம்.

ஓபன் ஃபைல் (யாரும் திருத்தக்கூடிய மூல ஃபைல்) கேட்டால் கொடுப்பதா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். பணம் முழுதாக வந்துவிட்டால் நான் கொடுத்துவிடுவேன், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் கொடுக்கும் ஃபைலில் அந்தக் கோட்டுருவத்தைத் தனி லேயரில் பூட்டி, லேயரின் பெயராகவே "320, அளவு மாற்றாதே" என்று எழுதிவைப்பேன். 250 கிராம் லேபிளை அவர்கள் வேறு யாரிடமாவது செய்யக் கொடுத்தால், அந்த ஆள் முதலில் செய்யப்போவது எல்லாவற்றையும் செலக்ட் செய்து மூலையைப் பிடித்து இழுப்பதுதான்.